ஒரே டேக் மேடமும் பாம்புக்காதும்

"நிறுத்துங்க... நிறுத்துங்க! எங்கயோ தண்ணி ஓடுது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரல் அது. இந்தப் பக்கம் மைக் முன்னால் நின்றிருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னே? திரையில் கதாநாயகி கணவனைப் பிரிந்து போகிறாள். அவள் உதடு அசைய அசைய இவள் உருகி உருகி அழுதுகொண்டிருக்கிறாள். பாதி அழுகையில் ஒருத்தன் தண்ணீர் ஓடுகிறது என்றால் கோபம் வராதா?

கோபம் வரவில்லை. வயிற்றைக் கலக்கியது... ஏனென்றால் தண்ணீர் எங்கேயும் ஓடவில்லை. சத்தம் வந்தது அவள் வயிற்றுக்குள்ளிருந்து.

"மேடம், கையில வளையல் ஏதாவது...?"

"இல்ல."

"நாற்காலி கிறீச்சிடுதா?"

"நான் நின்னுக்கிட்டுதான் இருக்கேன். கண்ணு தெரியலையா சார்?"

கண் தெரிந்தால்தானே! பெரிய ஹெட்போனுக்கு நடுவே இருந்த அந்த முகத்தில் கண்கள் மூடியிருந்தன. நன்றாகக் கேட்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்கிற மனுஷனை அவள் அன்றுதான் பார்த்தாள். இமை நீளமாக இருந்தது. புருவத்துக்கு நடுவே சின்னதாக ஒரு சுருக்கம். இது இப்போது ரொம்ப முக்கியமா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அவனுக்கு அந்த டப்பிங் ஸ்டுடியோவில் 'பாம்புக்காது' என்று பேர். மூன்றாவது அறையில் குண்டூசி விழுந்தால் கூட அது எந்தப் பக்கம் உருண்டது என்று சொல்வான் என்பார்கள். அவளுக்கும் அந்தத் தொழிலில் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ஒரே டேக்'. எவ்வளவு நீளமான வசனமானாலும் முதல் தடவையிலேயே பேசி முடித்துவிடுவாள். பிசிறு இருக்காது, தடுமாற்றம் இருக்காது. வழக்கமாகப் பேசுகிறவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று அவசரத்துக்கு இவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஸ்டுடியோவில் அன்றுதான் அவள் முதன்முதலாகக் காலடி வைத்திருந்தாள்.

மறுபடி பேசினாள். மறுபடி சத்தம். அவன் ஆள்காட்டி விரலை உயர்த்தினான். இன்னொரு முறை என்று அர்த்தம். அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் அந்த விரலைக் காட்டியதில்லை!

மூன்றாவது தடவை அவன் உள்ளேயே வந்துவிட்டான். மண்டி போட்டு, சுவரில் காதை வைத்துக் கேட்டான்.

"சுவர்கிட்ட என்ன சார் ரகசியம் பேசறீங்க?"

"உஷ்... இதுக்குள்ளதான் குழாய் போகுது. ஒழுகுது போல."

குழாய்க்காரர் வந்தார். தட்டினார். உடைத்தார். ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. உள்ளே எலும்பு மாதிரி காய்ந்த செங்கல். "இந்தப் பக்கம் குழாயே போகலையே சார்" என்றார் குழாய்க்காரர், பரிதாபமாக.

அவளால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. நிஜமாகவே முடியவில்லை. "உங்க காதுலதான் தண்ணி பூந்திருக்கு. தலையைச் சாய்ச்சு உதறிட்டுக் கூப்பிடுங்க!" என்று கத்திவிட்டு விடுவிடுவென்று வெளியேறினாள். மேடம் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் போனது தாழ்வாரத்துக் கோடியில் இருந்த பாத்ரூமுக்கு.

உள்ளே கதவைத் தாழிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு அழுகையாக வந்தது. மைக் இல்லாத அழுகை. அதில் சத்தமே வராது.

அவளுக்குக் குடலில் நோய். க்ரோன்ஸ் என்று பேர். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆளை மாற்றிப் புரிந்துகொண்டு குடலைப் போட்டு அடிக்கும். புண் வரும், வீங்கும், அடங்கும், திரும்ப வரும். அம்மாவுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே பார்க்கிற குடும்ப டாக்டருக்குத் தெரியும். அவ்வளவுதான். ஒரு தடவை கல்யாணப் பேச்சு நடந்தபோது உண்மையைச் சொன்னார்கள். மறுநாளே பையனுடைய அத்தை போன் செய்து, பையனுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். அன்றைக்கு அம்மா சொன்னது: "இனிமே யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அவளும் விடவில்லை. 'ஒரே டேக்' என்ற பேருக்குப் பின்னால் இருந்த ரகசியமும் அதுதான். திறமை பாதி, எந்த நேரமும் ஓடவேண்டி வருமே என்ற பயம் பாதி. இரண்டாவது டேக்குக்கு வயிறு காத்திருக்குமா என்று அவளுக்கே தெரியாது. பேசுகிற நாளில் சாப்பிடவும் மாட்டாள்.

இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று இருந்தாள். ஆனால் டைரக்டருக்கு அந்தப் பாதி அழுகையே பிடித்துப்போய்விட்டது. படம் முழுக்க அவளே பேசட்டும் என்றுவிட்டார்.

போனாள். உடைந்த சுவரைப் பூசியிருந்தார்கள். இந்தத் தடவை அந்த அறை இல்லை, தாழ்வாரத்துக் கோடியில் இருந்த சின்ன அறை. பாத்ரூமுக்கு அடுத்த கதவு. மைக்கைக் கொஞ்சம் உயர்த்தி, கீழிருந்து சத்தம் ஏறாதபடி தடிமனான கம்பளி ஒன்றைக் குறுக்கே தொங்கவிட்டிருந்தான். "எதிரொலி வருது மேடம், அதான்" என்றான், எங்கேயோ பார்த்துக்கொண்டு. நல்லது, என்றாள் இவள்.

அப்புறம் அந்த மெஷின். நாலைந்து வசனம் முடிந்ததும் சூடாகிவிடும். "மேடம், மெஷின் சூடாயிடுச்சு. அஞ்சு நிமிஷம் ஆறட்டும். நீங்க எங்கயாவது போறதுன்னா போயிட்டு வாங்க." அவளுக்கு எப்போதெல்லாம் வயிறு முறுக்குகிறதோ அப்போதெல்லாம் அது சூடானது. மற்றவர்கள் பேசும்போது நாள் பூராவும் ஓடுகிற மெஷின்! அதற்கும் அவள் வயிற்றுக்கும் அப்படி என்ன உறவோ...

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையில்லை, கொட்டு கொட்டு என்று கொட்டியது. தகரக் கூரையில் விழுந்த ஓசை கதவிடுக்கு வழியாக மைக் வரைக்கும் வந்துவிட்டது. வேலையை நிறுத்திவிட்டு இருவரும் வாசல் படியில் வந்து நின்றார்கள். தெருவே வெள்ளையாகத் தெரிந்தது. சாரல் அவன் முன்முடியை நனைத்தது. ஹெட்போன் இல்லாமல் அவன் முகம் கொஞ்சம் அநாதரவாக இருந்தது. அவன் கண் திறந்திருந்தது. மழை நிறத்தில் அமைதியாக, எதையும் அவசரப்படுத்தாத கண்கள்...

இந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் பொய் சொல்வது?

"சார்... அன்னிக்குக் கேட்ட சத்தம் குழாய் இல்ல."

"தெரியும்."

"என் வயிறு."

"தெரியும் மேடம்."

அவளுக்குக் காது வரை சிவந்தது. "எப்ப இருந்து?"

"சுவத்தை உடைச்ச மறுநாள் வேற ஒருத்தங்க வந்து பேசினாங்க. ஒரு சத்தமும் இல்ல. அப்பவே புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நல்லா இருந்த சுவத்தை உடைச்சவன்... எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தவள் நிறுத்த முடியாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்து, அந்தத் தண்ணீர் வேறாக மாறி, நோயின் பெயரையும் அது வந்த கதையையும் அத்தை போன் செய்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். அவளே வாய் திறந்து சொன்ன முதல் ஆள் ஒரு பாம்புக்காது!

அவன் 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை. "அப்ப நான் கம்பளி தொங்கவிட்டது உதவியா இருக்கா, இல்ல எடுத்துரட்டுமா?" என்று கேட்டான். அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குள் ஏதோ சரிந்தது. அதை அவள் தன்னிடமே ஒப்புக்கொள்ளப் பல வாரம் ஆனது என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு ஒரு கூத்து நடந்தது பாருங்கள். விஷயம் தெரிந்த ஆம்பிளை சும்மா இருப்பானா? அவன் அந்த நோயைப் பற்றி எழுதப்பட்டிருந்த எல்லாவற்றையும் படித்துத் தள்ளினான். பால் ஆகாது என்றான். கொட்டை ஆகாது, காரம் ஆகவே ஆகாது என்றான். காபிக் கோப்பையை அவள் கையிலிருந்தே பிடுங்கினான். எங்கே போனாலும் முதலில் உள்ளே புகுந்து பாத்ரூம் எங்கே என்று பார்த்துவிட்டு வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி "இடது பக்கம், ரெண்டாவது கதவு!" என்பான்.

"எங்கம்மாவே தேவலை" என்றாள் அவள் ஒருநாள். "சார், எனக்கு எது ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு என் வயித்துக்குத் தெரியும். பால் எனக்கு ஒண்ணும் பண்ணாது. முட்டைக்கோஸ்தான் எமன். நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டாலே போதும்."

"கேட்டா நீங்க 'நல்லாருக்கேன்'னு சொல்றீங்க."

"நல்லாருக்கேன்னு சொன்னா நம்பணும்."

அந்தக் குரலை அவன் நாள் முழுக்க ஹெட்போனில் கேட்கிறவன். அவள் 'நல்லாருக்கேன்' என்பது வசனம், பேச்சில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வலி வந்தால் குடும்ப டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார். முகம் பந்து மாதிரி உப்பும், வலி ஓடிவிடும். நிறுத்தினால் திரும்பி வரும். இப்படியே நாலு வருஷம். பெரிய டாக்டரிடம் போனால் வெட்டுவார்கள், மலம் போக வயிற்றில் பை மாட்டிவிடுவார்கள் என்று அம்மா பயந்தாள். அம்மாவை விட அவள் அதிகம் பயந்தாள். அந்தப் பயத்தை மட்டும் மழையிலும் அவள் சொல்லவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து கிளம்பும்போது அவன் கூப்பிட்டான். முகம் சரியில்லை.

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. உங்க... சத்தம் மாறியிருக்கு."

"என்ன சத்தம்?"

"வயித்துச் சத்தம். முன்னாடி கனமா உருளும். இப்ப மெலிசா, கீச்சுனு வருது. அப்புறம் சட்டுனு நிக்குது. அது நிக்கிற நேரமெல்லாம் நீங்க உதட்டைக் கடிக்கிறீங்க. எனக்குப் பயமா இருக்கு. பெரிய டாக்டரைப் பாக்கலாம்."

"இருங்க. கம்பளிதான் தொங்குதே... அதையும் தாண்டியா கேக்குது?"

அவன் தலைகுனிந்தான். "கேக்கும். ரெக்கார்டிங்குலேருந்து அந்தச் சத்தத்தை நான்தான் உக்காந்து துடைப்பேன். ஒவ்வொரு டிராக்கும்... நீங்க போனப்புறம்."

அப்படியென்றால் இத்தனை நாள் பிசிறில்லாமல் பேசியது அவள் இல்லை. இந்தப் படத்திலும் ஒரே டேக், ஒரே டேக் என்று எல்லோரும் புகழ்ந்தது இவன் போட்ட பிச்சை.

"என்னை ஏன் சார் ஒரு பேச்சுக் கூடக் கேக்கல? நான் பாட்டுக்கு ராணி மாதிரி நடந்து போறேன், நீங்க பின்னாடியே துடைச்சுக்கிட்டு வர்றீங்களா?"

"அப்படி இல்ல மேடம்..."

"பாவப்பட்டீங்க. அவ்வளவுதானே? எனக்கு அது வேண்டாம். என் டிராக்கைத் தொடாதீங்க. என் வாழ்க்கைக்கும் நீங்க டப்பிங் பேச வேண்டாம்!"

படம் எப்படியும் முடிந்துவிட்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நாலு நாள் பேசாமல் இருப்பான். இவன் என்ன செய்தான் தெரியுமா? பழம் வாங்கிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்கே போனான்! அவள் வெளியே போயிருந்தாள். அம்மாதான் கதவைத் திறந்தாள்.

"யாருப்பா?"

"ஸ்டுடியோவுல சவுண்ட் இன்ஜினியர்ம்மா. உங்க பொண்ணோட வயித்துச் சத்தம் சரியில்லம்மா..."

அம்மா ஒரு நிமிஷம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என் பொண்ணு வயித்துச் சத்தம் உனக்கு எப்படிப்பா தெரியும்?"

போச்சு! என்ன பதில் சொன்னாலும் தப்பாகிற கேள்வி. அவன் மைக் என்றான், கம்பளி என்றான், துடைத்தேன் என்றான். சொல்லச் சொல்ல மோசமானது. அம்மாவுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். மூடி மூடி வைத்த விஷயம் ஸ்டுடியோ வரைக்கும் போய்விட்டது. "எங்க குடும்ப டாக்டர் அண்ணன் பாத்துப்பார். நீ வேலையப் பாத்துக்கிட்டுப் போப்பா" என்று பழத்தோடு சேர்த்து அவனைத் திருப்பி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்த சண்டையைச் சொல்லி மாளாது. அம்மா ஒரு பக்கம் அழுதாள், இவள் ஒரு பக்கம் கத்தினாள். அவனுக்குப் போன் செய்து, "உங்களை நம்பிச் சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று ஒரே வரி சொல்லிவிட்டு வைத்தாள். வைத்தபிறகு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாரங்கள் போயின. வேறு ஸ்டுடியோ, வேறு மைக். அங்கே மெஷின் சூடாகவில்லை. ஒருநாள் நீளமான காட்சி ஒன்றின் நடுவே வயிறு கல்லாக இறுகியது. எப்படியோ பல்லைக் கடித்துப் பேசி முடித்தாள். "அட்டகாசம் மேடம்!" என்று கைதட்டினார்கள். அவள் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து, காலையில் குடித்த தண்ணீரைக் கூட வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் அங்கே வரை கேட்டது.

ஈரத் தரையில் உட்கார்ந்தபடியே அவள் யோசித்தாள். இவ்வளவு வலியிலும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறாள். ஒருத்தனுக்கு மட்டும் தெரிந்தது. தெரிந்தவனைத் துரத்திவிட்டு, தெரியாதவர்களிடம் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறாள். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா?

அங்கிருந்தே போன் செய்தாள். முதலில் குடல் நோய்களுக்கென்றே இருந்த ஆஸ்பத்திரிக்கு. நாளைக்கே வரச்சொன்னார்கள். அடுத்து அவனுக்கு.

"நாளைக்கு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போறேன். கூட வர்றீங்களா?"

"வர்றேன்." கேள்வியே கேட்கவில்லை.

"நீங்க அம்மாகிட்ட போனது தப்பு."

"தப்புதான். உங்களைத் தாண்டிப் போயிருக்கக் கூடாது. டிராக் விஷயத்தையும் முதல்லயே சொல்லியிருக்கணும்."

"ஒரு கண்டிஷன். டாக்டர் ரூம்ல நீங்க வாயே திறக்கக் கூடாது. நான்தான் பேசுவேன்."

மறுமுனையில் சத்தமில்லை.

"ஹலோ? கேக்குதா?"

"பேசக் கூடாதுன்னு சொன்னீங்களே..."

வலியோடு வலியாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஸ்பெஷலிஸ்ட் ஒரு நடுத்தர வயது அம்மாள். மேஜையில் கம்ப்யூட்டர் இருந்தும் அதைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தார். "சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்ல டாக்டர். அப்பப்ப வயிறு வலிக்கும். மாத்திரை போட்டா சரியாயிடும். சமாளிச்சுக்கறேன்."

என்ன குரல்! தெளிவாக, இதமாக, ஒரு பிசிறில்லாமல்... நாலு வருஷமாகக் குடும்ப டாக்டரிடம் பேசிய அதே குரல். கேட்டால் வியாதிக்காரி என்று யார் சொல்வார்கள்? டாக்டரும் தலையசைத்தபடி எழுதத் தொடங்கினார்.

வசனம் முடிந்ததும் பழக்க தோஷத்தில் அவள் பார்வை பக்கத்து நாற்காலிக்குப் போனது. அவன் வாக்குக் கொடுத்தபடியே வாயை இறுக மூடியிருந்தான். கண் கலங்கியிருந்தது. மடியில் கிடந்த கையில் ஆள்காட்டி விரல் மட்டும், மெல்ல, கொஞ்சூண்டு உயர்ந்தது.

இன்னொரு முறை.

அவன் அவளுக்காகப் பேசவில்லை. அவளைப் பேசச் சொல்கிறான். நிஜத்தை. அவளுக்கு மட்டும்தான் தெரிந்த வசனத்தை.

"டாக்டர்... நான் சொன்னது சரியில்ல. திரும்பச் சொல்றேன்."

டாக்டர் பேனாவை வைத்தார்.

இந்தத் தடவை குரல் கரகரத்தது. சாப்பிட்டால் வலிக்கிறது என்பதால் சாப்பிடுவதையே விட்டுவிட்டதைச் சொன்னாள். உடை எல்லாம் தொளதொளவென்று ஆனதை, வாந்தியை, ரத்தம் போனதை, தூக்கத்தில் எழுந்து ஓடுவதை, மாத்திரையைத் தானே வாங்கித் தானே கூட்டிக் குறைத்துப் போட்டுக்கொண்டதைச் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை நின்றுபோனாள். திக்கினாள். கடைசியில், "எனக்குப் பயமா இருக்கு டாக்டர். வெட்டிருவாங்களோன்னு பயந்துதான் வரல" என்று குழந்தை மாதிரி அழுதாள். அவன் ஒரு கைக்குட்டையை நீட்டினான். வாய் மட்டும் திறக்கவில்லை.

"இதைச் சொன்னீங்களே, இதுதான் பாதி வைத்தியம்" என்றார் டாக்டர். "நீங்க ஏதாவது கவனிச்சீங்களா?" என்று அவனைக் கேட்டார். அவன் அவளைப் பார்த்தான். அவள் தலையாட்டிய பிறகுதான் சத்தம் மாறியதைப் பற்றிச் சொன்னான். "சத்தத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. ஸ்கேன் எடுக்கலாம்" என்றார் டாக்டர்.

எடுத்தார்கள். குடலில் ஓரிடம் சுருங்கியிருந்தது. பாதி வீக்கம், பாதி தழும்பாக இருக்கலாம் என்றார் டாக்டர். ஸ்டீராய்டு தற்காலிகத்துக்குத்தான், காலமெல்லாம் அதிலேயே ஓட்டக்கூடாது. ஆனால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். நரம்பு வழியே ஏற்றுகிற வேறு மருந்து இருக்கிறது. காசநோய் எங்கேயாவது பதுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதைத் தொடங்குவார்கள். வீக்கம் வடிந்தால் வழி திறக்கும். தழும்பானால் ஆபரேஷன் தேவைப்படலாம். இப்போதே சொல்ல முடியாது. வலி கூடினால் கூப்பிடுவதற்கு ஒரு நர்ஸின் போன் நம்பரும், எந்தப் பக்குவத்தில் என்ன சாப்பிடலாம் என்று சொல்ல ஒரு உணவு ஆலோசகரும் கிடைத்தார்கள். இவ்வளவும் இருக்கிறது என்றே அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

அம்மாவிடம் அவளே சொன்னாள். அம்மா டாக்டர் அண்ணனிடம் ஓடினாள், அவர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தோடு. அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நானே அனுப்பியிருக்கணும்மா. உங்க பொண்ணு வந்து பேசறதைக் கேட்டா நல்லாத்தான் இருக்குன்னு தோணும். ஏமாந்துட்டேன்" என்றாராம். அம்மா திரும்பி வந்தபோது கையில் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் இருந்தன. "அந்தப் பழக்காரத் தம்பி... மருந்து ஏத்தறப்ப வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

காசநோய் இல்லை என்று உறுதியானதும் மருந்து ஏற்ற நாள் குறித்தார்கள். அந்த அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒருவர், பக்கத்தில் தொங்குகிற பையோடு. ஒருவர் புத்தகம் படித்தார், ஒரு பெண் குறட்டை விட்டுத் தூங்கினாள். இவ்வளவு பேருக்கா என்று அம்மா வாயைப் பிளந்தாள். தன் மகள் ஒருத்திக்குத்தான் உலகத்திலேயே இந்த நோய் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள் பாவம்.

அவள் இடது கையில் ஊசி. ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் அவன். ஜன்னலுக்கு வெளியே தூறல் பிடித்திருந்தது.

"இது கேக்காட்டி..." என்று ஆரம்பித்தாள். "இந்த மருந்து கேக்காட்டி வெட்டுவாங்க. பையும் மாட்ட வேண்டி வரலாம்."

'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்று சொல்வான் என்று காத்திருந்தாள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அந்த வார்த்தை வந்தால் தன் மனசில் இருப்பதை மனசுக்குள்ளேயே புதைத்துவிடுவது என்றும் முடிவு செய்திருந்தாள்.

அவன் யோசித்தான். "மாட்டினா மாட்டிக்கலாம். அதை எப்படிப் பாத்துக்கறதுன்னு சொல்லிக்குடுக்க நர்ஸ் இருக்காங்களாம். நீங்க கத்துக்கும்போது நானும் கத்துக்கறேன். நீங்க சரின்னு சொன்னா." கொஞ்சம் நிறுத்தி, "ஆபரேஷன் ரூமுக்கு வெளியில ஒரு நாற்காலி போட்டிருப்பாங்கல்ல... அங்க நான் உக்காந்திருப்பேன்" என்றான்.

"அது அம்மாவோட நாற்காலி."

"அப்ப நான் நின்னுக்கறேன்."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே சொன்னாள்: "ரெண்டு நாற்காலி போடச் சொல்லலாம்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை படத்தில் எத்தனை கதாநாயகிகளுக்காகக் காதலைச் சொல்லியிருக்கிறாள்! கடற்கரையில், ரயிலடியில், கொட்டுகிற மழையில்... எல்லாம் யாரோ எழுதியது. யாரோ ஒருத்தியின் உதடு அசையும், அதன்மேல் இவள் குரலை வைப்பாள். இப்போது எதிரே திரை இல்லை. எங்கே தொடங்குவது, எங்கே மூச்சு விடுவது என்று சொல்ல யாரும் இல்லை.

"அம்மா... கொஞ்சம் காதைப் பொத்திக்கோயேன்."

அம்மா மறுபேச்சில்லாமல் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"நான்... எனக்கு... உங்களை எனக்குப் பிடிக்கும். அதாவது ரொம்ப. அன்னிக்கு மழையில கம்பளிய எடுத்துரட்டுமான்னு கேட்டீங்க பாருங்க, அப்ப இருந்து. நான் சும்மா சும்மா கோவிச்சுப்பேன். வலி வந்தா எரிஞ்சு விழுவேன். கல்யாண வீட்டுல பாதியில எழுந்து ஓடுவேன். சில நாள் படுத்தே கிடப்பேன். நல்ல நாளும் இருக்கும்... இருக்கும்னுதான் நினைக்கறேன். அதனால... நீங்க வீட்டுக்கு வரணும். வந்துட்டுப் போகக் கூடாது. ஐயோ, என்ன உளர்றேன் நான்..."

குரல் உடைந்து, வார்த்தை முன்னும் பின்னுமாக விழுந்து, மூக்கு வேறு ஒழுகி... அவள் தொழில் வாழ்க்கையிலேயே இப்படிக் கேவலமாகப் பேசியதில்லை.

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மூடிய இமைக்குக் கீழே நீர் வழிந்தது. அதை அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கறீங்களா?"

"ஆமா! அதைத்தானே இவ்வளவு நேரமாச் சொல்றேன்!"

"ஊசி குத்தின கையை ஆட்டாதேடி" என்றாள் காதைப் பொத்தியிருந்த அம்மா. "தம்பி, பதில் சொல்லுப்பா. புள்ளைய எவ்வளவு நேரம் காக்க வைப்பே?"

அவன் கண்ணைத் திறந்தான். ஊசி இல்லாத அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா உன்னை விட்டுட்டு எங்கயோ இருந்துக்கிட்டுப் பயப்பட என்னால முடியாது" என்றான். அன்றுதான் முதல்முறையாக அவளை 'நீ' என்றான். "உன் பக்கத்துலயே இருந்து பயப்படறேனே... சரியா?"